இடது இருக்கையில் விரித்த சாக்கு

என் அன்பான அப்பா,

உங்கள் காரைக் கிளப்புகிற திறப்பு இப்போது என் கையில் இருக்கிறது. நீங்கள் போனதிலிருந்து இரண்டு வருடமாகக் கொட்டிலுக்குள் கிடந்ததை வெளியே தள்ளி எடுத்துவிட்டேன். கோபிக்காதீர்கள். கோபிக்க வேண்டியவள் நான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஓடுகிறதா என்று கேட்பீர்கள். ஓடுகிறது. யுத்தத் தடையால் பெற்றோல் வருவதில்லை; ஒரு மூடி பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுகிறேன். மலைநாட்டுத் தோட்டத் துரையிடம் வாங்கிய எம்.ஜி. கார் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீர்கள்? அது கோப்பாய் ஒழுங்கையில் வெள்ளைப் புகை கக்கி இருமுவதைப் பார்த்தால் இன்னொரு முறை செத்திருப்பீர்கள்.

அவசரம் செல்வியால் வந்தது. கணபதியண்ணையின் மகள். எங்கள் பனைகளில் கள் இறக்கிய கணபதி என்றால் உங்களுக்கு உடனே விளங்கும். அவளுக்கு இது நிறைமாதம். போன முறை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் பிள்ளை செத்துவிட்டது. இந்த முறை பிள்ளைப்பேற்றுக் குத்துத் தொடங்கிய உடனே கொண்டுவர வேண்டும், வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஓடக்கூடிய கார் இது ஒன்றுதான். அதிலும் இருப்பது இரண்டே இருக்கை. வலது எனக்கு, இடது அவளுக்கு. அந்த இடதை எலி தின்று, சுருள்கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

மருதனார்மடத்தில் குஷன் வேலை செய்தவர் கொழும்புக்குப் போய்விட்டார். ரெக்சீன் எந்தக் கடையிலும் இல்லை. நானே தொடங்கினேன்.

பழைய தோல் உறையைத் தையல் தையலாகப் பிரித்தேன். விறாந்தையில் கிடந்த செற்றிக் கதிரையின் ரெக்சீனைக் கழற்றி, அந்த உறையை மேலே வைத்து, அதே அளவுக்கு வெட்டினேன். தையலுக்கு விட வேண்டிய அரை அங்குலத்தை மறந்துபோனேன். தைத்து இழுத்துப் பூட்டியபோது மூலை கிழிந்தது. மிச்சம் இருந்தது இன்னும் ஒரு துண்டுதான். அன்றைக்கு செல்வி எங்கள் வாசல் படலையைக் கடந்து நடந்த ஒவ்வொரு முறையும் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்தேன். இரண்டாவது துண்டை மூன்று தரம் அளந்து வெட்டி, மீன் பிடிக்கிற நைலோன் நூலால் தைத்தேன். என் விரல்களை நீங்கள் பார்க்காதது நல்லது.

சுருள்கம்பிக்கும் அதன்மேல் வைக்கிற தென்னந்தும்புக்கும் நடுவில் முரட்டுத் துணி ஒன்று வேண்டும். காரின் பின்பெட்டியில் ஒரு சாக்கு இருந்தது. தோய்த்து, நாலு பக்கமும் ஓரம் மடித்துத் தைத்து, ஒழுங்காக மடித்து வைத்திருந்தீர்கள். எடுத்து விரித்தேன். இருக்கைக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. வெட்டவே தேவையில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும், அப்பா.

சாக்கைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது கணபதியண்ணை நொண்டிக்கொண்டு வந்தார். அவர் அடித்துக் காயவைத்த தென்னந்தும்பு தலையில் இருந்தது. இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"உது என்ரை சாக்கெல்லோ பிள்ளை."

"உங்கடையோ? காருக்குள்ளையெல்லோ கிடந்தது."

"ஓம். ஐயா எனக்கெண்டு வைச்சிருந்தவர்." சிரித்தார். "பனையாலை விழுந்த அண்டைக்கு, கால் எலும்பு வெளியிலை. ஐயா ஓடிப்போய்க் காரைக் கொண்டந்திட்டார். பேந்து, 'பொறடா கணபதி' எண்டு சொல்லிப்போட்டு உதை எடுத்து விரிச்சு, சுருக்கம் எல்லாம் இழுத்துவிட்டுத்தான் ஏத்தினவர். நான் நிலத்திலை கிடந்து பாத்துக்கொண்டிருந்தனான். வடிவாய்த்தான் விரிச்சவர்."

"இரத்தம் படுமெண்டோ?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீங்கள் படிச்ச பிள்ளை. அதுக்கு முந்தியும் ரண்டுதரம் ஏறினனான். அப்ப எனக்கு ஒரு காயமும் இல்லை. அப்பவும் சாக்குத்தான்."

உங்கள் செத்தவீட்டில் மூன்று பேர் இந்தக் கதையைச் சொல்லிப் பேசினார்கள். சாதி பாராமல் தன் சொந்தக் காரில் ஏற்றிக்கொண்டு போன மனிதர் என்றார்கள். நான் அழுதேன், பெருமையில் அழுதேன். சாக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் அதை மறைக்கவும் இல்லை. சொல்ல வேண்டிய ஒன்றாகவே அவர்களுக்கு அது படவில்லை.

நீங்கள் அவர் உயிரைக் காப்பாற்றினீர்கள். அது பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எலும்பு வெளியே தெரிய ஒரு மனிதன் கிடக்கும்போது சுருக்கம் எடுத்தீர்களே, அந்த ஒரு நிமிடத்தை நான் எங்கே வைப்பது?

கட்டிய கட்டுகளையெல்லாம் வெட்டிச் சாக்கை உருவினேன்.

"என்ன பிள்ளை, விசரே? அவள் இண்டைக்கோ நாளைக்கோ எண்டு நிக்கிறாள்."

"செல்வியை உதுக்கு மேலை இருத்தமாட்டன்."

"மேலை ரெக்சீன் வருமெல்லே. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்."

அவர் சாக்கை எடுத்து உதறினார். "அப்ப எறியாதேங்கோ. நல்ல சாக்கு. வெங்காயம் கட்டலாம்."

அம்மா வாசலில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தா. உள்ளே போனா. உங்கள் சாய்மனைக் கதிரையின் கன்வஸ் துணியோடு திரும்பி வந்தா. நீங்கள் போனபிறகு ஒருவரையும் இருக்க விடாத கதிரை. "இது கம்பியைத் தாங்கும்" என்று மட்டும் சொன்னா. சாக்குக்கு ஓரம் தைத்தது யார் என்று நான் அவவிடம் கேட்கவில்லை. அவவும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று காலையில் வேலை முடிந்தது. குலுக்கம் எப்படி என்று பார்க்க வேண்டும், ஏறுங்கள் என்று கணபதியண்ணையைக் கூப்பிட்டேன். அவர் கதவைத் திறந்தார். தோளில் கிடந்த துவாயை எடுத்து இருக்கையில் விரித்து, கையால் தடவிச் சுருக்கம் எடுத்தார்.

"அண்ணை, அதை எடுங்கோ."

"பழகிப்போச்சு பிள்ளை."

எடுத்தார். ஆனால் கோயிலடிக்குப் போய் வருமட்டும் சாயாமல் நுனியிலேயே இருந்தார். பெரிய கிடங்கு ஒன்றில் சக்கரம் இறங்கி ஏறியபோதுதான் வாய் திறந்தார். "அலுங்கேல்லை. அவள் தாங்குவாள்."

தாங்குவாளா? கார் இப்போது படலையைப் பார்த்து நிற்கிறது. மண்ணெண்ணெய் இரண்டு போத்தல், பெற்றோல் அரைக் கோப்பை. நடுவழியில் நின்றால் என்ன செய்வேன்? அந்த நேரம் குண்டு போடப் பொம்பர் வந்தால்? செல்வி வீட்டுப் பக்கம் நாய் குரைத்தாலும் திறப்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறேன். நீங்கள் இருந்தால் நிதானமாக ஓட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி நினைக்கும்போதே சாக்கும் நினைவுக்கு வருகிறது.

ஒரு வாக்குத் தருகிறேன், அப்பா. செல்வி ஏறும்போது அவளுக்கும் இருக்கைக்கும் நடுவில் நான் ஒன்றும் விரிக்கமாட்டேன். வழியில் பன்னீர்க்குடம் உடைந்து, ரெக்சீனும் தும்பும் உங்கள் கன்வஸும் நனைந்தாலும் விரிக்கமாட்டேன். கறை பட்டால் பட்டபடி இருக்கட்டும். அந்தப் பிள்ளை வளர்ந்து அதே இருக்கையில் சாய்ந்து இருக்கும்.

இப்போது உங்கள் காரை ஓட்டுகிற,
உங்கள் கடைசி மகள்
வசந்தி