யார் ஊட்டு மாடுங்க இது?

இன்று காலை கதவைத் திறந்ததும் சாணி நாற்றம். படியை ஒட்டி ஒரு முறம் அளவுக்கு ஆவி பறக்கக் கிடந்தது. நான் வாளியில் தண்ணீர் பிடித்து வருவதற்குள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் சண்டை தொடங்கிவிட்டது. "குடும்பத்தோட நிம்மதியா இருக்கலாம்னுதானே மனை வித்தாங்க? காட்டெருமைக் குடும்பத்தையும் சேர்த்தா சொன்னாங்க?" என்று ஒருவர் கேட்டிருந்தார். துடைப்பத்தோடு நின்று நான் உங்களைத்தான் திட்டினேன்.

நீங்கள்தானே என்னை இங்கே இழுத்து வந்தது? குந்தா தாலுகா அலுவலகத்தில் எதிர் மேசையில் உட்கார்ந்துகொண்டு, கோவைப் பக்கம் மனை தேடியவனைக் கெடுத்தீர்கள். "குன்னூர்லயே வாங்குங்க. எங்க பக்கத்து மனை காலியாத்தான் கிடக்குது. ஸ்கூல் பஸ் ஊட்டு வாசலுக்கே வருதுங்க." பொய்யில்லை. தேயிலைச் சரிவு முழுக்க இப்போது வீடுகள். பேக்கரி, டியூஷன் சென்டர், சறுக்குமரம் வைத்த பூங்கா எல்லாம் வந்துவிட்டன. ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டீர்கள்.

குடிவந்த முதல் வாரம் குழாயடியில் கறுப்பாக ஏதோ நின்றது. பனிமூட்டம், நான் கண்ணாடியும் போட்டிருக்கவில்லை. "யார் ஊட்டு மாடுங்க இது? கட்டி வெக்க மாட்டாங்களா?" என்று சத்தம் போட்டேன்.

உங்கள் மாடியிலிருந்து பதில் வந்தது. "நமக்கு முன்னாடியே குடிவந்தவங்க ஊட்டு மாடுங்க. மெதுவா உள்ள போங்க."

அதோடு விட்டிருக்கலாம். டீக்கடை, சலூன், அலுவலகம் என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் சொல்லிச் சிரித்தீர்கள். புதிதாகச் சேர்ந்த கிளார்க் கூட, "சார், மாட்டைக் கட்டியாச்சுங்களா?" என்று கேட்டார். நான் மறக்கிற ஆளில்லை.

காட்டெருமைகள் ஓடைக்கு இறங்கும் தடத்தில் வேலி போடச் சங்கம் முடிவெடுத்தது. தடம் என் மனையோரம் என்பதால் என் கையெழுத்து ஒன்றே போதும். மழையில் குடையோடு வந்து வாசலில் நின்றீர்கள். "வேண்டாமுங்க. தடத்தை அடைச்சா அதுக ரோட்டுக்குத்தான் வரும். புள்ளைங்க நடக்கற ரோடுங்க."

"மாட்டைக் கட்டி வெக்கச் சொன்ன ஆளுதானுங்களே நான்" என்று சொல்லி, உங்கள் கண்ணெதிரிலேயே கையெழுத்துப் போட்டேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. "சரிங்க" என்று திரும்பிப் போய்விட்டீர்கள். மூன்றாவது வாரம் நெஞ்சுவலி என்று உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்; நீங்கள் உயிரோடு திரும்பவில்லை. இடையில் நாம் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

நீங்கள் சொன்னபடியேதான் நடக்கிறது. அதுவும் எனக்கு எரிச்சல்தான். நேற்று ஸ்கூல் பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகளுக்கும் கன்றோடு வந்த ஒரு காட்டெருமைக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. என் மகளும் அங்கே நின்றிருந்தாள். "நான் அசையவே இல்லப்பா. பக்கத்து ஊட்டு மாமா அப்பவே சொல்லிக் குடுத்தாரு" என்றாள்.

இன்று வாசலைக் கழுவிய கையோடு, வேலியை எடுக்கச் சொல்லி மனு எழுதிக்கொண்டு செயலாளரிடம் போனேன். "நீங்களேதானுங்க கையெழுத்துப் போட்டீங்க. இப்ப வேண்டாம்னா காரணம் எழுதிக் குடுங்க" என்றார். பாதுகாப்பு, வனவிலங்கு என்று அரைப்பக்கம் எழுதிக் கிழித்தேன். பிறகு ஒரே வரி: 'அன்று நான் கையெழுத்திட்டது பக்கத்து வீட்டுக்காரர் மேலிருந்த கோபத்தில்.'

"இதைப் படிச்சா எல்லாரும் சிரிப்பாங்களே சார்?"

"சிரிக்கட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை வேலியைப் பிரிக்கிறார்கள். அதற்காக என் கோபம் தீர்ந்துவிட்டதென்று நினைக்காதீர்கள். அன்று வாசலில் நின்று நாலு வார்த்தை திட்டியிருந்தால், நானும் பதிலுக்குத் திட்டி, மறுநாள் டீக்கடையில் பேசித் தீர்த்திருப்பேன். வெறும் 'சரிங்க'வைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். அதை நான் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது?