உள்ளே தெரியாத பை

13.8.2007, திங்கள்

படுத்த பிறகும் கோபம் அடங்கவில்லை. எழுந்து எழுதுகிறேன். போன வாரம் கம்பெனியில் எல்லோருக்கும் துணிப்பை கொடுத்தார்கள். இனிமேல் கடையில் பிளாஸ்டிக் கவர் வாங்க மாட்டோம் என்று கையை நீட்டி உறுதிமொழியும் எடுக்கவைத்தார்கள். வரும்போது காய் வாங்கலாமே என்று இன்று அந்தப் பையில்தான் டிபன் பாக்ஸை எடுத்துப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி மறித்தான்.

"அண்ணா, துணிப்பை ஆவாது. வெளிய போறப்ப உள்ள இன்னா கீதுன்னு எங்களுக்குத் தெரியணும்."

"இது கம்பெனி குடுத்த பைதான்பா!"

"ரூல்சும் கம்பெனி குடுத்ததுதாண்ணா."

மேசைக்கு அடியிலிருந்து உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினான். டிபன் பாக்ஸையும் மடித்த பையையும் அதில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். பதினொரு வருஷத்தில் ஒரு நட்டுகூட எடுத்ததில்லை. என்னைப் பார்த்தால் திருடன் மாதிரியா இருக்கிறது?

சாயங்காலம் பாகலூர் ரோட்டில் காய்க்கடை அக்கா என் கையிலிருந்த கவரைப் பார்த்துவிட்டு, "கம்பெனில பை குடுத்தாங்கன்னியே, அது எங்கப்பா?" என்றாள். கவருக்குள் கிடந்த பையைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாளைக்கும் கவர் இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. துணிப்பையை ஆணியில் மாட்டிவிட்டேன். கவரைக் கழுவிக் கொடியில் காயப் போட்டிருக்கிறேன்.