எலெக்சன் கேட்கப் போகும் மருமகன்

இஞ்சாருங்கோ,

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நீங்கள் இல்லை என்று தெரியும். ஆனாலும் வேறு எப்படி அழைப்பது? கல்யாணம் கட்டிய நாளில் இருந்து உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. உங்கள் மரணத்தைப் பதியப் போன இடத்தில்தான் முதல்தடவை சொன்னேன். அந்த ஒரு தடவை போதும்.

ஒரு செய்தி இருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பியிருப்பீர்கள். நம் மகள் நிரோஜா ஒரு கானா நாட்டுப் பெடியனைக் கட்டியிருக்கிறாள். பெயர் கோஜோ. வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. இந்தப் பலேர்மோ நகரத்தில், ஒரேத்தோவில் நம் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்கள். அதற்கெல்லாம் பழகிவிட்டேன்.

பழக முடியாதது போன மாதம் வந்தது. இரண்டு பேரும் வந்து என் முன்னால் நின்றார்கள்.

"அம்மா, கோஜோ தன்ரை ஊருக்குப் போய் எலெக்சன் கேக்கப் போறார். நானும் போறன்."

"ஆரைக் கேட்டு?" என்றேன்.

இங்கே பிறந்த பிள்ளை, என் குத்தல் அவளுக்கு ஏறவில்லை. அவள்தான் அவனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறாள். எலெக்சன் கேட்பது என்றால் வோட்டுக்கு நிற்பது என்று சொல்லாமல், கேட்பது என்றால் காது கொடுப்பது என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் போல. அவன் சந்தோஷமாகத் தலையாட்டினான்.

"ஓம் மாமி. சனம் கதைக்கும். நான் கேக்கிறன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நம் ஊர்ப் பக்கத்தில் எலெக்சன் கேட்டவர்கள் வோட்டைக் கேட்டார்கள். அதற்குப் பிறகு வேறு எதையாவது கேட்டார்களா?

லிபெர்த்தா வீதியில் ஒரு வீட்டில் நான் பார்த்துக்கொள்கிற வயதான இத்தாலியச் சின்யோராவிடம் இதைச் சொன்னேன். "ஆபிரிக்காவா? அங்கே எல்லாத் தலைவர்களும் ஒன்றுதான்" என்று கையை உதறினாள். எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. நம்மைப் பற்றியும் யாரிடமாவது அப்படித்தான் சொல்லியிருப்பாள். ஆனாலும் வீட்டுக்கு வந்து மகளிடம் அதையேதான் நானும் சொன்னேன்.

"ஆபிரிக்கா ஒரு ஊரோ அம்மா? கோஜோவின்ரை நாட்டிலை தோத்த ஜனாதிபதி பேசாமல் வீட்டை போனவர்."

"வீட்டை போறது ஒரு திறமையோ?"

"நீங்களே சொல்லுங்கோ."

அது திறமைதான் என்று நமக்குத் தெரியாதா?

அவன் கள்ளனாகிவிடுவானோ என்பதல்ல என் பயம். நிரோஜாவுக்கு உங்கள் வாய். அன்று நம் ஊர்க் கூட்டத்தில் எழும்பி நீங்கள் ஒரேயொரு கேள்விதான் கேட்டீர்கள். உப்பில்லாத தண்ணீர் தருவதாகச் சொன்னீர்களே, எங்கே என்று. யாரிடம் கேட்டீர்கள் என்று இப்போதும் எழுதமாட்டேன். நீங்கள் போய்விட்டீர்கள், நான் இருக்கிறேன். அடுத்த கிழமை இரண்டு பேர் வீட்டுக்கு வந்து மிகவும் மரியாதையாகக் கதைத்துவிட்டுப் போனார்கள். அந்த மரியாதைக்குப் பயந்துதான் நாம் பலேர்மோவுக்கு வந்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை, வியா மக்வேதா வீதிக்குப் பின்னால் ஒரு தேவாலய மண்டபத்தில் அவனுடைய ஊர்க்காரர் கூடினார்கள். ஊரில் இருப்பவர்கள் வீடியோவில் வந்து சுவரில் பெரிதாகத் தெரிந்தார்கள். நானும் போனேன். அவனுக்குக் கைதட்டப் போகவில்லை, அவனை உளவு பார்க்கத்தான் போனேன்.

ஆபிரிக்கா விழித்துவிட்டது, நாளை நம் கையில் என்று கோஜோ தொடங்கினான். இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தானே நாம் நாசமாய்ப் போனோம்? அதற்குள் சுவரில் தெரிந்த ஒரு மீன்காரி குறுக்கிட்டாள். அவள் சொன்னதைக் கோஜோவே எனக்கு இத்தாலியனில் சொன்னான். நான் நம்பாமல் பக்கத்தில் இருந்த பெண்ணிடமும் விசாரித்தேன். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாகத்தான் இருந்தது. கடற்கரையில் கட்டிய மலசலகூடம் பூட்டியே கிடக்கிறது, திறப்பு யாரிடம்?

"தெரியாது. விசாரித்துச் சொல்கிறேன்" என்றான் கோஜோ.

தெரியாது என்று சொன்ன தலைவரை நான் கண்டதில்லை. ஆனால் அதையும் பழகிக்கொண்டு வந்து சொல்லலாம் அல்லவா? அதனால் எழும்பி இத்தாலியனில் கேட்டேன். "நீ வென்றபிறகு, என் மகள் எல்லாருக்கும் முன்னால் உன்னைக் கேள்வி கேட்டால் என்ன செய்வாய்?"

"அம்மா, இருங்கோ" என்று நிரோஜா கையைப் பிடித்து இழுத்தாள். நான் இருக்கவில்லை. கோஜோவின் முகம் மாறியது. யோசித்துவிட்டுத் தமிழிலேயே சொன்னான்.

"கோவம் வரும் மாமி."

பொய் சொல்லவில்லை. ஆனால் கோபம் வரும் என்பவனை நம்பி மகளை எப்படி அனுப்புவது?

என் கேள்வியைப் பக்கத்துப் பெண்ணும், தன் பதிலைக் கோஜோவும் சுவரில் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். மீன்காரி சிரித்தாள்; அவள் சொன்னதை அதே பெண்தான் எனக்குச் சொன்னாள். "கோபம் வரட்டும். உன் மகளை அவன் ஏசினால் நாங்கள் எல்லாரும் அவன் வாசலில் போய்க் குந்துவோம். முன்பு பதவியில் இருந்தவருக்கும் அதைத்தான் செய்தோம். வெளியே வந்து பதில் சொல்லிவிட்டுப் போனார்." மண்டபமே சிரித்தது. கோஜோவும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி. அந்தப் பிந்தலை நான் குறித்துக்கொண்டேன்.

நல்ல தலைவர் எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் படிப்பு, நேர்மை, துணிவு என்று அடுக்குவீர்கள். எனக்கு இப்போது அந்த அடுக்கில் நம்பிக்கை இல்லை. தலைவரின் முகத்தில் என்ன தெரியப்போகிறது? அவரைக் கேள்வி கேட்டவள் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுக்கிறாளா என்றுதான் பார்க்க வேண்டும். அந்த மீன்காரி அப்படிப் படுக்கிறாள் போலத்தான் தெரிகிறது. ஆனால் வீடியோவில் யாரும் சிரிக்கலாம், இல்லையா?

நிரோஜாவிடம் போ என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன். அவளைத் தடுத்தால், அன்று வீட்டுக்கு வந்த அந்த இரண்டு பேரின் வேலையை நான் செய்தவள் ஆவேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவன் வென்றால் நானும் அங்கே போவேன். கூட்டத்தில் மகள் எழும்பிக் கேள்வி கேட்கும்போது மருமகனைப் பார்க்கமாட்டேன், சுற்றி இருக்கிற சனத்தைப் பார்ப்பேன். அன்று நீங்கள் எழும்பியபோது நம் சனம் முழுக்க நிலத்தைப் பார்த்தது. அங்கேயும் ஒருவராவது நிலத்தைப் பார்த்தால், பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

போ என்று சொல்லிவிட்டு இன்னும் அனுப்பி முடிக்காத,
நிரோஜாவின் அம்மா