கீரை வெந்த தண்ணீர்

நேற்று ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் வந்து விழுந்த கீரை கிளிப்பச்சையாக இருந்தது. சோடா உப்பு போட்டு வேகவைத்த கீரை. பக்கத்தில் இருந்தவர்கள் நிறத்தைப் புகழ்ந்தார்கள். எனக்கோ உங்கள் மேல் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. சண்டை போட நீங்கள் இல்லையே என்று கண்ணும் கலங்கிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில், மைசூர் அக்ரஹாரத்துச் சந்துக்குள் நாம் வாடகைக்கு இருந்த வீடு. நான் நர்ஸ், வயிற்றில் நம் மகள். வருகிற கர்ப்பிணிகளுக்கெல்லாம் கீரை சாப்பிடச் சொன்ன எனக்கே ரத்தம் குறைந்துகொண்டு போயிற்று. மாத்திரை வாந்தியில் போயிற்று. இப்படியே போனால் பிரசவத்தில் தாயைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் உங்களைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கிறார். நீங்கள் அதைப் பற்றி என்னிடம் மூச்சு விடவில்லை. வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனிதர், மறுநாள் காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றீர்கள்.

"ஏம்புள்ள, இங்க வந்து பாரு, எப்படிப் பச்சைப்பசேல்னு இருக்குது!"

உங்கள் கொள்ளேகாலத்துக் குரல் சந்து முழுக்கக் கேட்டது. நீங்கள் வேலை பார்த்த ஃபேக்டரியின் கேன்டீன் சமையல்காரர் சொல்லிக்கொடுத்த வித்தை அந்தச் சோடா உப்பு. கீரையைப் பொடியாக நறுக்கிய பிறகு அலசியிருந்தீர்கள். திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் கொதிக்கவிட்டு, தண்ணீரைச் சாக்கடையில் வடித்திருந்தீர்கள்.

"சத்தெல்லாம் சாக்கடைக்கு, சக்கை எனக்கா?" என்று கத்தினேன். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த வீட்டுக்கார அம்மா, கொட்டிவிட்டீர்களா என்ற பதற்றத்தில் கன்னடத்தில், "அய்யோ, அதன்ன செல்லிபிட்ரா?" என்றார். அவர்கள் வீட்டில் கீரையும் பருப்பும் வெந்த தண்ணீரில்தான் பஸ்ஸாரு என்ற குழம்பே வைப்பார்கள். உங்கள் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"சரி, சொல்லு. நாளைக்கு எப்படிச் செய்யோணும்?"

அன்றிலிருந்து சத்தைக் கெடுக்கும் சோடா உப்பு கிடையாது; முதலில் அலசல், அப்புறம்தான் நறுக்கல். கொஞ்சம் தண்ணீர், மேலே மூடி, சிறுதீ. மிஞ்சிய தண்ணீர் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுப் பஸ்ஸாரு ஆயிற்று. இறக்கிய பின் எலுமிச்சை பிழிந்தீர்கள். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது என்றேன். என் டீயோடு உங்கள் டீயும் நின்றது. "நீ குடிக்காம நான் மட்டும் எப்படிப் புள்ள குடிக்கறது?" என்றீர்கள். தலைவலியோடு வேலைக்குப் போய் வந்தீர்கள். நான் முகம் சுளித்தால், "இன்னும் ஒரே வாய்" என்று சொல்லிச் சொல்லியே தட்டைக் காலி செய்யவைப்பீர்கள்.

ரத்தம் ஏறியது. மகள் நல்லபடியாகப் பிறந்தாள். டாக்டர் சொன்னதை அன்றைக்குத்தான் என்னிடம் சொல்லி, என் கட்டிலைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதீர்கள்.

நீங்கள் போன பிறகு ஒற்றை ஆளுக்கு அடுப்புப் பற்றவைக்க மனம் வரவில்லை. பிரெட்டும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டினேன். மகள் போனில் அதட்டினாள், காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன மாதம் பரிசோதனையில் மறுபடியும் ரத்தம் குறைவு என்றார்கள். அப்போதுதான் எனக்குச் சுரீரென்று உறைத்தது. இந்த ரத்தம் நீங்கள் வாய் வாயாக ஊட்டி ஏற்றியது. அதை இறங்கவிட நான் யார்?

இப்போது தினமும் சமைக்கிறேன். எனக்காக என்று நினைக்காதீர்கள். நீங்கள் பாடுபட்டுப் பிழைக்கவைத்தீர்களே ஒருத்தியை, அவளுக்காக. பசி இல்லை என்று அவள் சொன்னாலும் நான் விடுவதில்லை.