பெயரில்லாத காவலாளி

செவ்வாய், இரவு

மகள் வாசிக்கும் ஜப்பானியப் பேய்ப் படக்கதையைப் பின்னேரம் புரட்டினேன். அதில் ஒரு பாடசாலைக் காவலாளி. பேய்கள் அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனாலும் செத்த பிள்ளைகளுக்குத் தாகமாக இருக்குமென்று வகுப்பு வாசல்களில் தண்ணீர் வைக்கிறான்.

“இவர்ர பேர் என்ன பிள்ள?”

“பேர் போடல்லப்பா. நீங்க செய்தியில ‘மீனவர் ஒருவர்’ எண்டு எழுதுவீங்களே, அப்பிடித்தான்.”

இன்று தன்னாமுனையில், வாவியில் மூழ்கிய பெண்ணின் உடலை ஐந்து தடவை நீருக்குள் சுழியோடித் தேடித் தூக்கி வந்த மீனவரையும் அப்படித்தான் எழுதி அனுப்பியிருந்தேன். புகைப்படத்துக்கு வந்து நின்ற அரசியல்வாதிக்கு மட்டும் பெயர், பதவி எல்லாம். உடனே பத்திரிகை அலுவலகத்துக்கு அழைத்து, மீனவரின் பெயரையும் போடச் சொன்னேன்.

“பக்கம் இன்னும் அச்சுக்குப் போகல்ல அண்ணன். பேரச் சொல்லுங்க, போடுறன்.”

அந்த மனிதரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உடல் எத்தனை அடி ஆழத்தில் கிடந்தது?