லால்பாக் பார்த்த ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு சகாயராணி எழுதுவது. இங்கே சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா? ஹாஸ்டலில் எங்கள் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ் வைத்து ஹாஸ்டல் பெண்களுக்குப் பெங்களூரைச் சுற்றிக் காட்டியது. நம் கம்பம் ஊரில் நீங்கள் என் பக்கத்துக் கட்டில் முனீஸ்வரியின் உடலை எடுத்து அடக்கம் செய்த அதே நாள்தான். காய்ச்சலோடு லீவு கேட்டும் அவளுக்குக் கொடுக்கவில்லை என்று, விசாரிக்க வரும் அதிகாரியிடம் நாங்கள் சொல்லிவிடக் கூடாதாம்; அதற்குத்தான் இந்தச் சுற்றுலா.

லால்பாக் பார்த்தோம். மதியம் தொன்னை பிரியாணி. போடிக்கார வார்டன், "இன்னொண்ணு வாங்கிக்க ஆத்தா. வயிறு நெறஞ்சவுக வாயத் தொறக்க மாட்டாக" என்றார். வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது முனீஸ்வரியின் கட்டிலில் புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் குளிரில் நடுங்கினாளே என்று முனீஸ்வரிக்குக் கொடுத்த என் போர்வை அவள் உடலோடு ஊருக்கு வந்துவிட்டது. வேறொன்று அனுப்புங்கள்.

வார்டனுக்குத் தெரியாமல் இதைத் தபாலில் சேர்க்க ஆள் நிற்கிறார். முனீஸ்வரியின் அம்மா கேட்டால், நான் இரண்டாவது தொன்னை வாங்கியதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சகாயராணி