இல்லாத ஜெனிவீவ்

இன்று மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். ஒரு கம்பெனியில் பில் போடும் மென்பொருள் படுத்துவிட்டது, அதை எழுப்பி விடுவதற்காக. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியதும் பக்கத்துக் கொட்டகையிலிருந்து உருகிய பிளாஸ்டிக் வாடை வந்து முகத்தில் அடித்தது. உன் சட்டை வாடை. நீ குளித்து, பவுடர் போட்டு, ஞாயிறு பூசை பார்த்துவிட்டு வந்தாலும் உன்னை விட்டுப் போகாத வாடை. உனக்கு முன்னால் அது மாடிப்படி ஏறி வந்துவிடும். "வந்துட்டான்டா பாட்டில் மூடி" என்று நான்தான் முதலில் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய், அதுதான் எரிச்சல்.

நீ உயிரோடு இருந்தபோது உனக்கு நான் எழுதியதெல்லாம் பொய். இந்த ஒன்றையாவது பொய் இல்லாமல் எழுதிப் பார்க்கிறேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன்னை எனக்குப் பிடிக்காது.

புதுச்சேரியில், உப்பளம் பகுதியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த டியூஷன் அறை ஞாயிறு மதியங்களில் காலியாகக் கிடக்கும். அங்கேதான் நாம் ஏழு பேரும் கூடினோம். வாரம் முழுக்க ஆளுக்கொரு பிழைப்பு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கென்று ஓர் இணையதளம் கட்டுகிறோம் என்று பெருமை. பெரிய கம்பெனிகளின் தளங்களில் நம்ம ஊர் எங்கேயோ ஒரு மூலையில் காணாமல் போய்விடுகிறது, நம்ம ஆட்கள் நம்ம ஆட்களோடு பேச ஓர் இடம் வேண்டும் என்பது பேச்சு. தண்ணீர் வராத தெரு, வாடகை வீடு, ஓடிப்போன நாய், கோயில் திருவிழா, சாவுச் செய்தி எல்லாம் அதில் வரும். பிரான்சில் போய்த் தங்கிவிட்ட நம்ம ஊர்க் குடும்பங்களும் சேரலாம். நல்ல யோசனைதான். இன்றும் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

உனக்கு ஒரு வரி புரோகிராம் எழுதத் தெரியாது. மருந்து பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் நீ தரம் பார்க்கிறவன். மூடியை எடுத்து, திருப்பி, ஓரத்தை நகத்தால் தடவி, சரியாக இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் தொட்டிக்குள். அதே கையோடு எங்களிடம் வந்தாய். நாங்கள் கட்டியதை எல்லாம் நீ தடவிப் பார்ப்பாய். எந்த பட்டனை யாரும் இரண்டு தரம் அழுத்த மாட்டார்களோ அதை நாற்பது தரம் அழுத்துவாய். பெயர் கேட்கிற இடத்தில் போன் நம்பரைப் போடுவாய். "நம்ம கண்ணுக்கு நல்லா தெரியுதுன்னு விட்டுடக் கூடாதுடா" என்பாய். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

ஊர்க் கடைக்காரர்கள் சிலரை அழைத்துத் தளத்தைக் காட்டிய நாள் உனக்கு நினைவிருக்கும். ஒருவருக்கொருவர் தனியாகச் செய்தி அனுப்புகிற பகுதி நான் எழுதியது. புதுச்சட்டை போட்டுக்கொண்டு விளக்கிக்கொண்டிருந்தேன். நீ பின்வரிசையில் எழுந்து நின்றாய். "ஒரு நிமிசம். இவருக்கு அனுப்புனா அவருக்குப் போவுது" என்றாய். சுவரில் விழுந்த புரொஜெக்டர் வெளிச்சத்தில் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு கடைக்காரர் தன் கூட்டாளியைத் திட்டி எழுதியது அந்தக் கூட்டாளிக்கே போயிருந்தது. அறை முழுக்கச் சிரிப்பு. நீ செய்தது சரிதான், ஊருக்குத் திறந்த பிறகு அது நடந்திருந்தால் நாங்கள் தலை காட்டியிருக்க முடியாது. ஆனால் என் காதில் போய்ச் சொல்லியிருக்கலாம். அது உனக்குத் தோன்றவில்லை. மூடியிடம் யாரும் காதில் போய்ச் சொல்வதில்லை அல்லவா.

அன்றைக்குத்தான் ஜெனிவீவ் பிறந்தாள்.

தளத்தைச் சோதிக்க இல்லாத ஆட்களை உருவாக்குவது எங்கள் வழக்கம். பெயர், படம், பிறந்த தேதி எல்லாம் கற்பனை. அந்தப் பொய் ஆட்கள் எல்லோருக்கும் ஜனவரி ஒன்றுதான் பிறந்தநாள் என்று சட்டம் போட்டவன் நீ. திறப்பதற்கு முன்னால் அந்தத் தேதியை வைத்து மொத்தமாகக் கூட்டித் தள்ளிவிடலாம் என்பது உன் கணக்கு. நான் ஜெனிவீவுக்கு மட்டும் மாதா பிறந்தநாளான செப்டம்பர் எட்டைப் போட்டேன், உன் துடைப்பத்தில் அவள் சிக்க மாட்டாள். படத்துக்கு ஒரு செம்பருத்திப் பூ. ஊர் பாரீசுக்குப் பக்கம். தாத்தா காலத்தில் புதுச்சேரியை விட்டுப்போன குடும்பம், கண்டிப்பான அப்பா, அதனால் போனில் பேச முடியாது. எல்லாவற்றையும் உன் அளவுக்குத் தைத்தேன். நீ சோதனை ஆட்களை அழித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. "முடிஞ்சிதுடா. இனிமே இதுல இருக்கறவங்க எல்லாம் நெஜ மனுசங்க" என்றாய். மற்றவர்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அவர்களிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன்.

இரண்டு வாரம் விளையாட்டு, பிறகு உன்னிடமே காட்டி மானத்தை வாங்கிவிட்டு விடுவது என்பது திட்டம். நீ மூன்றாவது நாளே விழுந்தாய். நீ டீ வாங்கக் கீழே இறங்கும்போதெல்லாம் நீ அவளுக்கு எழுதியதை நான் படித்துக் காட்டுவேன். "பொஞ்சூர் ஜெனிவீவ், இன்றைக்கு எங்கள் கம்பெனியில் மிசின் ரிப்பேர்" என்று நீ எழுதியதற்கு விழுந்து விழுந்து சிரித்தோம். அவளுக்காக வாரம் மூன்று நாள் பிரெஞ்சு வகுப்பில் வேறு போய்ச் சேர்ந்தாய். செல்வி ஒருத்திதான், நம் ஏழு பேரில் ஒரே பெண், "இது நல்லா இல்ல, நிறுத்து" என்றாள். "உனக்கு எதுக்கு வலிக்குது?" என்று கேட்டேன். அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை. உன்னிடம் அவளும் சொல்லவில்லை.

ஒரு நாள் நீயே வந்து கேட்டாய். மாடிப்படியில் என்னைத் தனியாக நிறுத்தி, "டேய், ஒண்ணு கேக்கறேன், சிரிக்காத. இந்தப் பொண்ணு நெஜமா இருக்குமா? போட்டோவும் இல்ல, பேசவும் மாட்டேங்குது. சர்வர்ல பாத்தா எங்கேர்ந்து எழுதுதுன்னு தெரியுமாமே. உன்கிட்டதான அது இருக்குது. பாத்து சொல்லேன்" என்றாய். ஆக, உனக்குச் சந்தேகம் வந்தது. ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டாய். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீ நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருப்பாய், என்னை அடித்திருக்கவும் கூடும், அவ்வளவுதான். நான் மேலே போய், ஐந்து நிமிடம் எதையோ தட்டிவிட்டு இறங்கி வந்தேன். "பாத்துட்டேன்டா. பிரான்ஸ்லேர்ந்துதான் வருது. சந்தேகமே இல்ல" என்றேன். உன் முகம் எப்படி மலர்ந்தது என்பதை நான் எழுதப் போவதில்லை.

ஏன் நிறுத்தவில்லை என்று இத்தனை நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். பழிவாங்கும் ருசி ஒரு மாதத்தில் போய்விட்டது. மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுவதையும் விட்டுவிட்டேன். அதன் பிறகும் ஆறேழு மாதம் எழுதினேன். உன் அப்பா செத்த அன்றைக்கு நீ அழாமல் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தது, அம்மா வேலை பார்த்த மில் மூடிய பிறகு ஒரு வருடம் அவர் யாருடனும் பேசாமல் இருந்தது, இதெல்லாம் நீ அவளிடம்தான் சொன்னாய். நானும் என் வீட்டுக் கதைகளைப் பெயர் மாற்றி அவள் வாயால் உனக்குச் சொன்னேன். வேறு யாரிடமும் நான் சொல்லாத கதைகள். உன்னை எனக்குப் பிடிக்காது. ஜெனிவீவுக்குப் பிடித்திருந்தது. ஒரு தரம் நீ அவளுக்கு எழுதினாய்: "எனக்கு ஒரே ஒரு ஃபிரண்டுதான். கொஞ்சம் வாய் ஜாஸ்தி. ஆனா நம்பலாம்." அதைப் படித்துவிட்டு சிரிக்கிற பொம்மை முகம் ஒன்றை அனுப்பினேன்.

பிறகு உனக்கு டெங்கு. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வார்டுக்கு வெளியே நடையில் நிற்கும்போதே பையில் போன் அதிர்ந்தது. கதவுக்கு உள்ளே படுத்துக்கொண்டு நீ ஜெனிவீவுக்கு எழுதியிருந்தாய், காய்ச்சல், வேண்டிக்கொள் என்று. உனக்கும் எனக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது. சுவரில் சாய்ந்து நின்றபடியே, "நாளைக்குக் கோயிலில் உனக்காக மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன், சீக்கிரம் எழுந்து வா" என்று தட்டினேன். உள்ளே வந்ததும் நீ எனக்கே அதைக் காட்டினாய். காய்ச்சலில் உன் உதடு வெடித்திருந்தது. "பாருடா, ஒடனே பதில் போட்டுட்டா" என்றாய். நான் பார்த்தேன். "நல்ல பொண்ணுடா" என்றேன். மறுநாள் காலையில் நீ இல்லை.

உனக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தும் மன்னித்திருப்பாய் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன். அது என் வசதிக்கு நான் சொல்லிக்கொள்வது. உனக்குத் தெரியாது. நம்பியே செத்தாய்.

கல்லறையிலிருந்து திரும்பிய அன்றைக்கே உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புள்ளைக்கு யாருப்பா தகவல் சொல்றது? எங்கேயோ ஒக்காந்துக்கிட்டு இவன் எழுதுவான்னு பாத்துக்கிட்டு இருக்குமே" என்றார். எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவைத்திருந்திருக்கிறாய். நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். முப்பதாம் நாள் பூசைக்கு ஜெனிவீவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதை நானே ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் படத்துக்குக் கீழே, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். நான் எழுதியதிலேயே சட்டம் போட்டு மாட்டப்பட்டது அது ஒன்றுதான்.

பிறகு அம்மாவுக்கு அவளோடு பேச வேண்டும் என்றாயிற்று. உன் போனில் எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான். நம் ஆட்கள் ஒவ்வொருவராகப் பெங்களூர், சென்னை என்று போய்விட்டார்கள். "அந்தப் பொண்ணு கணக்கை அழிச்சித் தொலைடா, பாவம்" என்று ஒருத்தன் போனில் சொன்னான். எது பாவம் என்று அவன் விளக்கவில்லை. ஊருக்கென்று கட்டிய தளத்தில் இன்று பேசிக்கொள்வது இரண்டே பேர், உன் அம்மாவும் இல்லாத ஒருத்தியும். அக்கம்பக்கத்தாருக்கு மாவு அரைத்துக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு தினம் மதியம் அம்மா எழுதுகிறார். சாப்பிட்டியாம்மா, அங்க குளிரா, இவன் கனவுல வந்தான். நான் ஆபீசில் உட்கார்ந்து பதில் போடுகிறேன். ஞாயிறானால் நேரில் போகிறேன். ஜெனிவீவ் என்ன எழுதினாள் என்று எனக்கே வாசித்துக் காட்டுவார்.

நேற்று சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே போனேன். "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிக்கவும் செய்தேன்.

"நானும் ஒண்ணு சொல்லணும். மொதல்ல சாப்பிடு" என்று சங்கரா மீன் குழம்பை ஊற்றினார். நான் இரண்டு வாய் சாப்பிட்டதும் எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"இவன் போயி ரெண்டு வருசம் ஆவுது. அந்தப் பொண்ணு இன்னும் கல்யாணம் வேணாம்னு ஒக்காந்திருக்குது. நீயும் ஒண்டியா சுத்திக்கிட்டு இருக்க. நான் ஒண்ணு நெனச்சேன். தப்பா எடுத்துக்காத. நீ அவளைக் கட்டிக்கிறியா?"

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன்.

"நீ எங்கள மாதிரி வேதக்காரன் இல்லதான். அதுக்கு என்னா? இவன் இருந்தா அதையெல்லாம் பாக்க மாட்டான். அந்தப் பொண்ணு எழுதறதைப் படிச்சாலே தெரியும்பா, தங்கமான மனசு. இவனுக்கு அப்புறம் எனக்குன்னு இருக்கறது நீங்க ரெண்டு பேருதான். நீங்க ஒண்ணா இருந்தா நான் நிம்மதியா கண்ண மூடிடுவேன்."

பிறகு பீரோவைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து வந்து என் இடது கையில் வைத்தார். ஒரு ஜோடி தோடு. "மில்லுல இருந்தப்ப பண்ணது. வர்ற மருமவளுக்குன்னு வச்சிருந்தேன். அவ ஊருக்கு வர்றப்ப நீயே போட்டு விடு" என்றார்.

நான் கொண்டுபோன வாக்கியத்தைச் சொன்னால் அம்மாவுக்கென்று இருக்கிற அந்த இரண்டு பேரும், நானும் ஜெனிவீவும், ஒரே மூச்சில் போய்விடுவோம். மிச்சம் இருப்பது நீயும் கல்லறையும். அம்மாவின் மேல் இரக்கப்பட்டுப் பேசாமல் இருந்தேன் என்று எழுத ஆசைதான். இரக்கம் இல்லை, பயம். அந்த வீட்டுக் கதவு எனக்குச் சாத்தப்பட்டுவிடும் என்ற பயம். மாடிப்படியில் உன்னிடம் பொய் சொன்ன அதே வாயால், "சரிம்மா" என்றேன். குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றினார். சாப்பிட்டேன்.

உப்பளம் மைதானத்தைத் தாண்டுவதற்குள் போன் அதிர்ந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பார்த்தேன். அம்மா ஜெனிவீவுக்கு எழுதியிருந்தார்.

"அவன் சரின்னுட்டாம்மா. இனிமே நீதான் சொல்லணும்."

இதை எழுதுகிற நேரம் வரை பதில் போடவில்லை. தோடு சட்டைப் பையில் இருக்கிறது.